ரோஜாவுல ஏழு இலை கிளை வந்தா வெட்டிடணுமா?

பால்கனி தோட்டக்காரி:
வணக்கம், நர்சரில வாங்கின ஒட்டு ரோஜா தொட்டியில வச்சிருக்கேன், நல்லாதான் பூத்துட்டு இருந்துச்சு. இப்போ புதுசா ஒரு கிளை சரசரன்னு மேல போகுது, அதுல ஏழு ஏழு இலையா இருக்கு, பழைய கிளையில எல்லாம் அஞ்சுதான். பக்கத்து வீட்டு அக்கா அது காட்டு ரோஜா, பூக்காது, வெட்டிப் போடுன்னு சொல்றாங்க. துளிர் வேற செக்கச்செவேல்னு இருக்கு, நோயா இது?

மண்வெட்டி:
அவசரப்பட்டு கத்திரியை எடுக்காதீங்க. நீங்க ஏழுன்னு எண்ணுறது மொத்தமும் ஒரே இலைதான், கறிவேப்பிலை ஈர்க்கு மாதிரி நடு நரம்புல ரெண்டு பக்கமும் ஜோடி ஜோடியா, நுனியில ஒண்ணு, ஓரமெல்லாம் ரம்பப் பல்லு. சந்தேகம்னா காம்பு தண்டுல சேருற கக்கத்துல பாருங்க, அங்கதான் மொட்டு இருக்கும், சின்ன இலைங்களோட அடியில இருக்கவே இருக்காது. அந்த மொட்டுதான் அடுத்த கிளையா வரும், கவாத்து பண்றப்போ அதுக்கு கொஞ்சம் மேல வெட்டச் சொல்றதும் அதனாலதான். ஒரே செடியிலயே பூவுக்குப் பக்கத்துல மூணு, கீழ அஞ்சு, வீரியமான கிளையில ஏழுன்னு வரும், நல்ல ஜாதி ரோஜாலயும் ஏழு உண்டு. எண்ணிக்கையை வச்சு முடிவு பண்ணாதீங்க, கிளை ஒட்டு போட்ட இடத்துக்கு மேலருந்து வருதா கீழருந்து வருதான்னு மண்ணைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்க. கீழருந்துன்னா வேர்ச்செடியோடது, அதாவது நம்ம ரோஜாவை ஒட்டு போட வேரோட வச்சிருக்கிற வேற ரோஜா, அந்தக் கிளைக்கு சக்கர்னு பேரு, அடியோட பிச்சு எடுத்துடணும்.

செம்பருத்தி ரசிகன்:
கூடவே ஒண்ணு. ஒட்டுக்கு நிறைய இடத்துல மல்டிஃபுளோரா ரோஜாவை வேர்ச்செடியா வைப்பாங்க, அதோட காம்பு அடியில ரெண்டு பக்கமும் ஒட்டியிருக்கிற சின்னச் செதில் இருக்குல்ல, அது ஓரத்துல நூல் நூலா பிரிஞ்சு இருக்கும், மத்த ரோஜால பெரும்பாலும் அப்படி இருக்காது. சிவப்புத் துளிர் நோய் இல்லங்க, ஆந்தோசயனின்னு ஒரு நிறமி, பிஞ்சு இலை வெயில்ல பொசுங்காம காக்குது, பச்சையம் ஏற ஏற அதுவா பச்சையாயிடும். பயப்பட வேண்டியது கரும்புள்ளிக்குதான், பூஞ்சை, இலை மேல மணிக்கணக்கா ஈரம் நின்னா முளைச்சுடும், அப்புறம் மஞ்சளாகி கொட்டும். பூவுக்குச் சாப்பாடு பண்றதே இலைதானே, அது கொட்டுனா மொட்டும் சிறுத்துடும். சாயங்காலம் தலையோட தண்ணி ஊத்துற பழக்கம் இருந்தா விட்டுடுங்க, வேர்ல ஊத்துங்க.

பால்கனி தோட்டக்காரி:
பாத்துட்டேன், கிளை ஒட்டுக்கு மேலருந்துதான் வருது, செதிலும் வழவழன்னுதான் இருக்கு, அப்போ விட்டுடுறேன். இன்னொரு டவுட்டு, சில இலையில ஓரமா அரைவட்டமா கத்திரியால வெட்டின மாதிரி இருக்கு, புழு எதுவும் கண்ணுல படல?

மண்வெட்டி:
அது இலைவெட்டித் தேனீ, தின்னல, கூட்டுக்கு மெத்தை போட வெட்டிட்டுப் போகுது. செடிக்கு ஒண்ணும் ஆகாது, மருந்து மட்டும் அடிச்சுடாதீங்க.