எந்தத் தேடுகருவி எதற்குள் தேடுகிறது? ஆய்வு நூலக அனுபவங்கள்

அரசுக் கலைக் கல்லூரி நூலகர்:

'எந்தத் தேடுகருவி சிறந்தது, சார்?' என்று ஆய்வு மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். இதற்கு ஒரே பெயரை விடையாகச் சொல்லி அனுப்புவது அவர்களுக்குச் செய்யும் தீங்கு என்றே கருதுகிறேன். ஒரு கருவி எதற்குள் தேடுகிறது என்று அறியாமல், வந்து விழும் முடிவுகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்து அதை மெச்சுவதும் தள்ளுவதும் ஆய்வின் அடித்தளத்தையே பாதிக்கும். வரலாற்றுத் துறை மாணவி ஒருவருடன் உட்கார்ந்து தேடியபோது கண்டவற்றைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

1876-78இல் சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தை, அதாவது நம் ஊர்களில் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்லப்படுவதை, அவர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டிருந்தார். பல்கலைக்கழக நூலகத்தில் ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் தேடிவிட்டு வந்தவர், "இதைப் பற்றி யாரும் அதிகம் எழுதவில்லை போலிருக்கிறது, சார்" என்றார். ஸ்கோபஸ் வழக்கமாகக் கட்டுரையின் தலைப்பு, சுருக்கம், குறிச்சொற்கள் ஆகியவற்றில்தான் தேடும். கட்டுரையின் உள்ளே நுழையாது. அதோடு, இதழ்க் கட்டுரைகளையே மையமாகக் கொண்ட தரவுத்தளம் அது. வரலாற்றுத் துறையிலோ முக்கியமான விவாதங்கள் நூல்களிலும் தொகுப்புகளின் இயல்களிலும் நடந்திருக்கின்றன. இந்தப் பஞ்சத்தைக் குடியானவர்கள் எவ்வாறு புரிந்துகொண்டார்கள், எவ்வாறு எதிர்கொண்டார்கள் என்பது குறித்து வரலாற்றாசிரியர் டேவிட் ஆர்னால்டு எழுதிய கட்டுரை, அடித்தள மக்களின் வரலாற்றை ஆராயும் சபால்டர்ன் ஸ்டடீஸ் என்ற நூல்வரிசையின் மூன்றாம் தொகுதியில் 1984இல் வெளிவந்தது. அதைப் படிக்காமல் இத்தலைப்பில் ஓர் இயலைக்கூட எழுத முடியாது. மாணவியின் ஸ்கோபஸ் பட்டியலில் அது இல்லை.

ஆய்வு எழுத்துகளுக்கென உள்ள தேடுகருவியான கூகுள் ஸ்காலரில் அதே சொற்களை இட்டதும் அக்கட்டுரை மேலேயே வந்தது. ஆனால் மேற்கோள் என்ற குறியுடன், சொடுக்கித் திறக்க வழியில்லாத வெறும் பதிவாக வந்தது. மாணவர்கள் பெரும்பாலும் இத்தகைய பதிவுகளைக் கடந்து போய்விடுகிறார்கள். உண்மையில் புதையல் அங்கேதான் இருக்கிறது. அதன் கீழே, இதை மேற்கோள் காட்டியவர்கள் என்ற இணைப்பைத் திறந்தால், 1984க்குப் பின் அந்தக் கட்டுரையோடு உரையாடிய எழுத்துகள் வரிசையாக வரும். அந்தப் பட்டியலுக்குள் மட்டும் தேடுவதற்கு ஒரு சிறு பெட்டி உண்டு. அதைத் தேர்ந்து 'சேலம்' என்றோ 'பெல்லாரி' என்றோ ஆங்கிலத்தில் இட்டால், பஞ்சத்தை வட்டார அளவில் ஆராய்ந்தவர்களை அடையலாம். கூகுள் ஸ்காலரின் குறையும் சிறியதன்று. பலரால் மேற்கோள் காட்டப்பட்டவற்றை அது முன்னே தள்ளுவதால், புதிய ஆய்வுகளும் உள்ளூர் இதழ்களும் பின்தங்கிவிடுகின்றன. எத்தனை ஆயிரம் முடிவுகள் என்று திரையில் காட்டினாலும் முதல் 1000க்கு மேல் பார்க்க இயலாது.

ஆய்விதழ்களின் மின் களஞ்சியமான ஜேஸ்டோர் முழு உரைக்குள் தேடுகிறது என்பதால், வேறு பொருள் பற்றிய கட்டுரையின் அடிக்குறிப்பில் ஒளிந்திருக்கும் பஞ்சச் செய்தியையும் வெளியே கொண்டுவரும். எனினும் பல இதழ்களின் கடைசி மூன்று முதல் ஐந்து ஆண்டு இதழ்கள் அதில் இருப்பதில்லை. அந்த இடைவெளியைப் பதிப்பாளர்களின் தளங்களில்தான் நிரப்ப வேண்டும். 2025 ஜனவரி 1 முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 30 பதிப்பாளர்களின் சுமார் 13,000 இதழ்களை அரசு நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டிருப்பது எங்களைப் போன்ற கல்லூரிகளுக்குப் பெரும் பேறு.

சோத்கங்காவைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். காந்திநகரிலுள்ள இன்ஃப்லிப்நெட் என்ற நூலக வலையமைப்பு மையம் நடத்தும் இக்களஞ்சியத்தில் முனைவர் பட்ட ஆய்வேடுகள் இயல் இயலாகப் பிரித்துப் பதிவேற்றப்பட்டுள்ளன. தமிழ் ஆய்வேடுகள் பல பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை. திரையில் 'பஞ்சம்' என்று தெளிவாகத் தெரியும் சொல்லைப் படியெடுத்து வேறோர் இடத்தில் ஒட்டினால், பொருளற்ற ரோமன் எழுத்துகளாகவும் குறிகளாகவும் மாறிவிடுகிறது. கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது தேடுகருவிக்குத் தமிழே அன்று. ஆகவே அங்கே உள்ளடக்கத்தை நம்பாமல், துறை, நெறியாளர், தலைப்பு என்ற வழியில் சென்று, ஆய்வேட்டைத் திறந்ததும் முதலில் துணைநூற்பட்டியலுக்குப் போகும்படி சொல்கிறேன்.

ஆங்கிலக் கருவிகளோடு நின்றுவிட்டால் பஞ்சத்தைப் பற்றி அதிகாரிகள் எழுதியது கிடைக்குமே தவிர, பட்டவர்கள் பாடியது கிடைக்காது. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் பட்டியலிலும் தமிழ் மின் நூலகத்திலும் 'தாது வருஷம்', 'தாது வருடம்', 'பஞ்சக் கும்மி' என ஒவ்வொன்றையும் தனித்தனியே இட்டுப் பார்க்க வேண்டும். உலக நூலகங்களின் கூட்டுப் பட்டியலான வேர்ல்ட்கேட் வழியாக வெளிநாட்டு நூலகங்களில் தமிழ் நூல்களைத் தேடுவோர், தமிழை ரோமன் எழுத்தில் எழுத அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் வகுத்த ஒலிபெயர்ப்பு முறையைக் கையருகே வைத்துக்கொள்வது நல்லது. அம்முறைப்படி 'பஞ்சம்' என்பதில் நாம் வழக்கமாக இடும் 'ஜே' (j) வராது, 'சி' (c) தான் வரும்.

மருத்துவக் கல்லூரி நூலகர்:

வணக்கம் ஐயா. எங்கள் துறையில் நிலைமை ஏறத்தாழ எதிர்மாறானது. கூகுள் ஸ்காலர் உங்களுக்கு வரமாக அமைந்தது. முறைசார் மீளாய்வு, அதாவது ஒரு கேள்வி பற்றிய ஆய்வுகள் அனைத்தையும் வகுத்த முறைப்படி திரட்டி மதிப்பிடும் பணி, செய்யும் மருத்துவர்களுக்கு அதை மட்டும் நம்புவது ஆபத்து. எந்தத் தரவுத்தளத்தில், எந்த நாளில், எந்தச் சொற்றொடரால் தேடினோம் என்று பிறர் திரும்பச் செய்து பார்க்கும் அளவுக்கு அவர்கள் பதிவு செய்தாக வேண்டும். கூகுள் ஸ்காலரின் வரிசை அதற்கு இடம் கொடுப்பதில்லை.

பாம்புக்கடி பற்றி ஆராய்ந்த முதுநிலை மாணவர் ஒருவருக்கு, பப்மெட் என்ற மருத்துவ ஆய்வுத் தரவுத்தளத்தில் ஒன்றைக் காட்டினேன். தேடிய பிறகு மேம்பட்ட தேடல் பக்கத்துக்குச் சென்று விவரங்களை விரித்தால், நாம் இட்ட சொல்லை அது தானாகவே மெஷ் என்ற பொருள் தலைப்புக்கு மாற்றி, கூடவே வேறு சில சொற்களையும் சேர்த்திருப்பது வரிக்கு வரி தெரியும். இயந்திரம் நம் கேள்வியை எப்படிப் புரிந்துகொண்டது என்பதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டுவதால்தான் பப்மெட்டை நான் மதிக்கிறேன். ஆனாலும் பொருள் தலைப்பு இடப்படாத பதிவுகளும் அதில் உண்டு. எனவே தலைப்பிலும் சுருக்கத்திலும் சாதாரணச் சொற்களைக் கொண்டு தேடுவதையும் இணைக்க வேண்டும். கண்ணாடி விரியனைப் பழைய கட்டுரைகள் 'வைப்பெரா ரஸ்ஸெல்லி' என்றும் பிந்தையவை 'டபோயா ரஸ்ஸெலி' என்றும் எழுதுகின்றன. ஒன்றை விட்டால் ஒரு தலைமுறையின் ஆய்வே விடுபட்டுப்போகும்.

யாழ்ப்பாணத்து ஆய்வு மாணவர்:

நூலகர் ஐயாவின் மாணவிக்கு ஒரு செய்தி. தாது வருஷப் பஞ்சத்தின்போது பெருந்தொகையானோர் கடல் கடந்து இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தனர். அவர்களைப் பற்றிய தமிழ் எழுத்துகள் 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற பெயருடைய வலைத்தளத்தில் ஏராளமாக எண்ணிமப்படுத்தப்பட்டுள்ளன. நான் அங்கே 'பஞ்சம்' என்று தேடியபோது பயனுள்ளவை குறைவாகவே வந்தன. 'மலையகம்', 'தோட்டத் தொழிலாளர்' என்று மாற்றியதும்தான் நூல்களும் சஞ்சிகைகளும் திறந்துகொண்டன. உங்கள் மாணவி இவ்விரு சொற்களையும் தம் பட்டியலில் சேர்த்துக்கொள்ளட்டும்.