சி-மிக் புரோமோட்டரில் ஜி-குவாட்ருப்ளெக்ஸ்: மரபணுவை அடக்கியது எங்கள் சேர்மம்தானா?

கேள்வி:
புற்றுநோயோடு தொடர்புடைய சி-மிக் (சுருக்கமாக மிக்) மரபணு ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுவதில் 85 முதல் 90 விழுக்காட்டை அதன் புரோமோட்டரில் (படியெடுப்பைத் தொடங்கிவைக்கும் டி.என்.ஏ. பகுதியில்) உள்ள, குவானின் என்னும் டி.என்.ஏ. எழுத்து மிகுந்த 27 நியூக்ளியோடைடு பகுதி ஒன்று கட்டுப்படுத்துகிறது. அதிலிருந்து எடுத்த 22 எழுத்துத் துண்டுடன் எங்கள் சேர்மத்தைக் கலந்து சூடேற்றியபோது, ஜி-குவாட்ருப்ளெக்ஸின், அதாவது குவானின்கள் நான்கு நான்காகத் தட்டுபோல் சேர்ந்து உருவாகும் நான்கிழை மடிப்பின், உருகுநிலை நன்றாகவே உயர்ந்தது. புற்றுச் செல்களில் மிக் ஆர்.என்.ஏ.வும் குறைந்தது. சேர்மம் அந்த நான்கிழை மடிப்பைப் பூட்டியதால்தான் மரபணு அடங்கியது என்று ஆய்வேட்டில் எழுதலாமா?

பதில் 1:
இப்போதைக்கு எழுத வேண்டாம். பொட்டாசியம் 100 மில்லிமோலார் இருந்தால் இந்த மடிப்பு சேர்மம் இல்லாமலேயே 80 டிகிரியைத் தாண்டி நிற்கும் என்பதால், உயர்வு தெரியவேண்டும் என்று பலரும் பொட்டாசியத்தைக் குறைத்துவிடுகிறார்கள்; செல்லுக்குள்ளோ அது 140 மில்லிமோலார் அளவில் இருக்கிறது. இரட்டைச் சுருள் டி.என்.ஏ.வைப் போட்டிக்கு வைத்தீர்களா? 2002இல் இந்த மடிப்பைக் குறிவைத்துக் காட்டப்பட்ட போர்ஃபைரினான டிஎம்பிஒய்பி4கூட இரட்டைச் சுருளிலும் ஒட்டக்கூடியதுதான். அன்று அந்த ஆய்வுக்கு வலுச் சேர்த்தது அதன் மாற்றியமான டிஎம்பிஒய்பி2; மெத்தில் தாங்கிய நைட்ரஜனின் இடம் மாறியதால் அது குவானின் தட்டின்மேல் சரியாகப் படியாமல், மிக்கையும் பெரிதாக அடக்கவில்லை. உங்கள் சேர்மத்துக்கும் அப்படி ஒரு 'மக்கு' உடன்பிறப்பைச் செய்து பாருங்கள்.

பதில் 2:
எனக்குக் கூடுதல் ஐயம் ஆர்.என்.ஏ. குறைந்ததில்தான். மிக் ஆர்.என்.ஏ.வின் அரை ஆயுள் அரைமணி நேரம்கூட இருப்பதில்லை. ஆகவே படியெடுப்பைப் பொதுவாக முடக்கும் எந்த நச்சுப்பொருளிலும் முதலில் சரிவது அதுவாகத்தான் இருக்கும். குவார்ஃப்ளாக்சினின் கதையும் இதுபோன்றதே: மிக் மடிப்பை நோக்கிய தேடலில் பிறந்த அந்த மருந்து, செல்லின் உட்கருவில் ரைபோசோம்கள் உருவாகும் இடமான நியூக்ளியோலஸுக்குள், ரைபோசோம் டி.என்.ஏ.வின் குவாட்ருப்ளெக்ஸ்களிலிருந்து நியூக்ளியோலின் என்னும் புரதத்தை விலக்குகிறது என்று 2009இல் தெரியவந்தது.

சிஏ46 என்னும் பர்க்கிட் லிம்ஃபோமா (ஒருவகை நிணநீர்ப் புற்று) செல்களை வாங்குங்கள். அவற்றில் குரோமோசோம் இடமாற்றத்தால் ஒரு மிக் பிரதி அந்தக் குவானின் பகுதியையும் முதல் எக்ஸானையும் (முதிர்ந்த ஆர்.என்.ஏ.வில் இடம்பெறும் மரபணுத் துண்டு) இழந்துவிட்டது. மற்றொன்று முழுதாக இருக்கிறது. முதல் எக்ஸானைத் தாங்கிய ஆர்.என்.ஏ. மட்டும் குறைந்து, இரு பிரதிகளிலும் உள்ள இரண்டாம் எக்ஸானின் மொத்த அளவு அப்படியே நின்றால் உங்கள் வாதத்துக்குக் கால் முளைக்கும். இரண்டும் சேர்ந்து விழுந்தால் சேர்மம் வேறெங்கோ வேலை செய்கிறது.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. எங்கள் கரைசலில் பொட்டாசியம் 5 மில்லிமோலார்தான், மீதி லித்தியம். இரட்டைச் சுருளைப் போட்டிக்கு வைக்கவே இல்லை. வாக்கியத்தை 'மடிப்பில் ஒட்டுகிறது' என்பதோடு நிறுத்திவிட்டு, சிஏ46 செல்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.