ஏ.எஃப்.எல். (ஆஸ்திரேலியாவின் தனிவகைக் கால்பந்து லீக்): குத்தியவரை அப்போதே வெளியேற்ற விதி ஏன் இல்லை?

கேள்வி – ஃப்ரீமாண்டில் ரசிகன்
2018 ஆகஸ்டில் பெர்த்தில் நடந்த வெஸ்ட் கோஸ்ட் – ஃப்ரீமாண்டில் ஆட்டத்தின் காணொளியை நேற்று மறுபடி பார்த்தேன். பந்து வேறொரு பக்கம் இருக்கையில், வெஸ்ட் கோஸ்டின் ஆண்ட்ரூ காஃப், 18 வயதே ஆகியிருந்த, எங்கள் ஃப்ரீமாண்டிலின் ஆண்ட்ரூ பிரேஷாவின் முகத்தில் குத்துகிறார். தாடை உடைந்து, பற்கள் உள்ளே தள்ளப்பட்டு, பிரேஷா வாயில் இரத்தத்தோடு வெளியேறினார். அந்தப் பருவத்தில் அதன்பின் அவர் ஆடவே இல்லை. பிறகு காஃபுக்கு 8 ஆட்டத் தடை கிடைத்தது உண்மைதான். ஆனால் அன்று ஆளை இழந்தது அடிபட்ட அணி மட்டுமே. சாக்கரில் உள்ளதைப்போன்ற சிவப்பு அட்டை இங்கு ஏன் இல்லை?

பதில் – பழைய நடுவர்
உள்ளூர் ஆட்டங்களில் சில ஆண்டுகள் நடுவராக இருந்தவன் என்பதால் சொல்கிறேன். ஏறத்தாழ 150 மீட்டர் நீளமுள்ள திடலில் 36 பேர் ஆடும்போது நடுவர்களின் கண் பந்தோடுதான் ஓடும். முதுகுக்குப் பின்னால் விழுந்த குத்தை, கீழே கிடப்பவரைப் பார்த்துத்தான் பெரும்பாலும் ஊகிப்போம். அதனால்தான் தண்டனை ஆட்டம் முடிந்தபின் வருகிறது. செயல் வேண்டுமென்றே செய்யப்பட்டதா கவனக்குறைவா, தாக்கம் எவ்வளவு, பட்ட இடம் தலையா உடலா என்று லீக்கின் ஆய்வு அதிகாரி தரம் பிரிப்பார். காஃப் செய்ததுபோன்ற கடுமையானவை நேரே லீக்கின் தீர்ப்பாயத்துக்குப் போகும்.

பதில் – மெல்பர்ன் வாசி
மேலே சொன்னது கேமரா இல்லாத காலத்துக்குச் சரி. பல உள்ளூர் லீக்குகளில் நடுவரே வீரரை வெளியே அனுப்புகிறார். அங்கே முடிவது, இத்தனை கேமராக்கள் சூழ்ந்த, அந்த ஆட்டம் நடந்த பெர்த்தின் ஆப்டஸ் ஸ்டேடியத்தில் ஏன் முடியாது? தடையின் எடையும் நாள்காட்டியைப் பொறுத்தது. காஃபின் 8 ஆட்டங்களில் மூன்று வழக்கமான சுற்றுகள், மூன்று இறுதிக்கட்ட ஆட்டங்கள், மீதி இரண்டு அடுத்த ஆண்டில். 2018 கோப்பை ஆட்டத்தில் காலிங்வுட் அணியை 5 புள்ளிகளில் வென்று வெஸ்ட் கோஸ்ட் கோப்பையைத் தூக்கியபோது அவர் பார்வையாளர். அதே தவறைப் பருவத் தொடக்கத்தில் செய்திருந்தால் கோப்பை ஆட்டத்தில் ஆடியிருக்கலாம். (தோள்மோதலை, அதாவது எதிராளியைத் தோளால் இடிப்பதை, நான் இதில் சேர்க்கவில்லை, அது ஆட்டத்தின் பகுதி, வேறு வழக்கு.)

பதில் – சட்ட மாணவி
காவல்துறையை மறந்துவிட்டீர்கள். 1985இல் ஹாதோர்ன் அணியின் லீ மேத்யூஸ், ஜிலாங் அணியின் நெவில் புரூன்ஸின் தாடையை உடைத்தார். அன்றைய வி.எஃப்.எல். (ஏ.எஃப்.எல்.லின் பழைய பெயர்) மேத்யூஸின் வீரர் பதிவை நான்கு வாரம் ரத்து செய்தது. காவல்துறையும் வழக்குத் தொடர்ந்தது. திடலில் இறங்குபவர் பிடித்து வீழ்த்தப்படச் சம்மதிக்கிறார். பந்தில்லாத இடத்தில் விழும் குத்துக்குச் சம்மதிப்பதில்லை. காஃப் மீது வழக்கு வரவில்லை.

கேள்வி கேட்டவர்
வழக்கால் பிரேஷாவின் அணிக்கு அன்று எதுவும் கிடைத்திருக்காது. என் குறை அந்த ஆட்டத்தைப் பற்றியது. ரக்பியில், 2020இல் ஆஸ்திரேலிய அணிகள் ஆடிய சூப்பர் ரக்பி ஏ.யூ. போட்டியில், வெளியேற்றப்பட்டவருக்குப் பதில் 20 நிமிடம் கழித்து வேறொருவரை இறக்கலாம் என்று வைத்தார்கள். அதையாவது ஏ.எஃப்.எல். பரிசீலிக்கலாமே?

பதில் – பழைய நடுவர்
பந்துக்கு அப்பால் நடந்த குத்துக்கு மட்டும், காணொளியைப் பார்த்த பிறகு என்றால், எனக்கு மறுப்பில்லை. தோள்மோதலுக்கு அதை நீட்டினால் விசிலை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவேன்.