காலை ஏழு மணி வியாபாரக் கூட்டம்: போனவர்கள் சொல்லுங்கள்

சோலார் வாட்டர் ஹீட்டர், கே.ஆர்.புரம்

வாரா வாரம் ஹோட்டலில் டிபன் சாப்பிட்டபடி ஒருவருக்கொருவர் வியாபாரம் பிடித்துக் கொடுக்கும் குழு ஒன்றில் சேரச் சொல்கிறார்கள். விருந்தினராகப் போய் வந்தேன். மறுநாளிலிருந்து போன் ஓயவில்லை. "ஒரு தொழிலுக்கு ஒரு சீட்தான் சார், இன்னொருத்தரும் கேட்டிருக்கார்" என்கிறார்கள். சேர்க்கைக் கட்டணம், ஆண்டுச் சந்தா, டிபன் காசு எல்லாம் சேர்த்தால் கையைக் கடிக்கிறது. பெங்களூரில் நம்மவர்கள் யாராவது போயிருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

கர்ட்டன், பிளைண்ட்ஸ், கொசுவலை, லிங்கராஜபுரம்

நான் இப்போதும் ஒரு குழுவில் இருக்கிறேன். பெயர் வேண்டாம். இந்த ஊரில் இப்படி நடக்கும் குழுக்கள் பலவும் 1985இல் கலிபோர்னியாவில் ஐவன் மைஸ்னர் தொடங்கிய பிஎன்ஐ (பிசினஸ் நெட்வொர்க் இன்டர்நேஷனல்) போட்ட தடத்தில்தான் போகின்றன. ஒரு தொழிலுக்கு ஒருவர், வாரம் ஒரு கூட்டம், நீ கொடுத்தால் உனக்கும் வரும். விதி அவ்வளவுதான்.

எங்கள் கூட்டம் நடப்பது இந்திராநகர் பக்கம் ஒரு ஹோட்டலின் முதல் மாடியில். ஏழு மணிக்கு முன்பே கோட்டு போட்டவர்கள் கையில் காபியோடு நின்று விசிட்டிங் கார்டு மாற்றிக்கொண்டிருப்பார்கள். அப்புறம் ஒவ்வொருவராக எழுந்து அரை நிமிடம், முக்கால் நிமிடம் பேச வேண்டும். நேரம் முடிந்தால் மணி அடிப்பார்கள், வாக்கியம் பாதியில் இருந்தாலும் உட்கார வேண்டியதுதான். ஒருவர் மட்டும் பத்து நிமிடம் தன் தொழிலை விரிவாகச் சொல்வார். கடைசியில் யார் யாருக்குப் பரிந்துரை கொடுத்தார்கள், அதில் எவ்வளவு ரூபாய் வியாபாரம் முடிந்தது என்ற கணக்கு வாசிப்பு. காராபாத்தும் கேசரிபாத்தும் இதற்கு நடுவே ஆறிக்கொண்டிருக்கும்.

கணக்கு வாசிக்கிறார்களே, அங்கேதான் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். வாரம் ஒரு பரிந்துரையாவது கொடுக்காவிட்டால் முகம் சுளிப்பார்கள் என்று பலர் எதையாவது எழுதிக் கொடுக்கிறார்கள். "எங்க அபார்ட்மென்ட்ல ஒருத்தர் கர்ட்டன் பத்திப் பேசிட்டிருந்தார்" என்று ஒரு நம்பர் வரும். நாம் கூப்பிட்டால் அவருக்கு நம்மையும் தெரியாது, சில சமயம் நம்பர் கொடுத்தவரையும் தெரியாது. ஆனால் அதுவும் கணக்கில் ஒன்று.

எனக்கு உண்மையாக வேலை வந்தது வீடு மாற்றிக் கொடுக்கும் பேக்கர்ஸ் ஆளிடமிருந்து. மேடையில் அவர் பேச்சு ஒன்றும் பிரமாதம் இல்லை. ஆனால் அவருடைய சூப்பர்வைசர் சாமான் இறக்கும் இடத்திலிருந்தே கூப்பிடுவான். "அண்ணா, பதினோராவது மாடி. பால்கனி பூரா புறா எச்சம். அந்த அம்மா இப்பவே வலை போட ஆள் இருக்கான்னு கேக்குறாங்க. டேப் எடுத்துட்டு வந்துடுங்க." நான் போகும்போது அட்டைப்பெட்டிகள் பிரிக்காமல் கிடக்கும், ஜன்னலில் வெயிலுக்குப் பெட்ஷீட்டைக் கட்டியிருப்பார்கள். அந்த நேரத்தில் யாரும் நாலு கடை விசாரிப்பதில்லை. அளவெடுத்து, துணி சாம்பிள் காட்டி, அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு இறங்கலாம். பால்கனியில் வலை அடிக்கப் போனால் கொசுவலை, அதற்கடுத்து ஹாலுக்குக் கர்ட்டன் என்று ஒரே வீட்டில் மூன்று வேலையாகிவிடும்.

அதனால் சேருவதற்கு முன் உறுப்பினர் பட்டியலை வாங்கிப் பாருங்கள். உங்கள் வாடிக்கையாளர் வீட்டுக்குள் உங்களுக்கு ஒரு படி முன்னால் நுழைகிற ஆள் அதில் இருக்கிறாரா? எனக்கு அது பேக்கர்ஸ், பெயிண்டர், வீட்டுக்கடன் பார்த்துக் கொடுப்பவர். உங்களுக்கு ஆர்க்கிடெக்ட், சின்ன பில்டர், பிளம்பர். அந்த ஆள் இருந்தால் சந்தா தண்டமாகாது. மற்ற அத்தனை பேரும் உங்களோடு டிபன் சாப்பிடுகிறார்கள், அவ்வளவே.

ஜாப் ஒர்க், பீன்யா

எங்கள் தொழிலுக்கு இது சரிப்படாது. நான் விஎம்சி மெஷினில், அதாவது கம்ப்யூட்டர் சொல்படி உலோகத்தைச் செதுக்கும் மெஷினில், உதிரி பாகம் போடுகிறவன். அங்கே எழுந்து டாலரன்ஸ் (அளவு எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்ற கணக்கு) பற்றிப் பேசினால் எதிரில் இன்சூரன்ஸ்காரரும் பல் டாக்டரும் மரியாதைக்குத் தலையாட்டுகிறார்கள். எங்களுக்கு ஆர்டர் கொடுக்கிற கம்பெனியில் பர்ச்சேஸ், குவாலிட்டி என்று நாலு பேர் பார்த்து, சாம்பிள் பீஸ் அளந்து, அப்புறம்தான் வெண்டர் நம்பரே கிடைக்கும். ஒரு சீட்டில் பெயர் எழுதிக் கொடுத்தால் நடக்கிற காரியமா? பக்கத்து ஷெட்காரருக்கு மெஷின் நேரம் இல்லாவிட்டால் அவரே வேலையை நம் பக்கம் தள்ளிவிடுகிறார். குழு விதிப்படி அவர் போட்டியாளர், உள்ளே வரவே முடியாது. நான் புதுப்பிக்கவில்லை.

வரி ஆலோசனை, ராஜாஜிநகர்

பீன்யா நண்பர் சொன்னது சரி. வீட்டுக்கும் சின்னக் கடைக்கும் விற்பவர்களுக்குத்தான் இந்த அமைப்பு பொருந்தும். பணத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, நான் சொல்கிறேன். சொன்ன சந்தாவுக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி வருமா, சேர்ந்ததா என்று முதலில் கேளுங்கள். டிபன் பில்லில் கட்டுகிற ஜிஎஸ்டிக்கு இன்புட் கிரெடிட் எடுக்கலாம், அதாவது நாம் கட்ட வேண்டிய வரியில் அதைக் கழித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சாப்பாட்டுச் செலவுக்கு அதை ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவு தடுக்கிறது.

அதைவிடப் பெரிய தலைவலி, குழுவுக்குள்ளேயே கடன். "நாம எல்லாம் ஒரே டேபிள்ல சாப்பிடுறவங்க, அடுத்த மாசம் தரேன்" என்பார்கள். வாரா வாரம் முகம் பார்ப்பதால் கேட்கவும் கூச்சம். என்னிடம் வரும் ஓர் அச்சகக்காரருக்கு இப்படித்தான் நிலுவை ஏறியது. அவர் உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) வைத்திருந்ததால் ஒரு வழி இருந்தது. 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டப்படி, குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கில் மாதாமாதம் கூட்டு வட்டி. இன்வாய்ஸின் கீழே உத்யம் எண்ணையும் இந்த ஒரு வரியையும் அச்சடிக்கச் சொன்னேன். அடுத்த பில்லிலிருந்து அவர் வாய் திறந்து கேட்க வேண்டிய அவசியம் குறைந்தது. குழுவில் ஆள் சேரும்போதே இதைச் சொல்லிக் கொடுக்கலாம், யாரும் சொல்வதில்லை.

முறுக்கு, சீடை, தீபாவளி கிஃப்ட் பாக்ஸ், ஸ்ரீராம்புரம்

எனக்கு நேரம்தான் எதிரி. காலை ஏழு மணி என்பது வீட்டில் டிபன், பிள்ளைகளுக்கு டப்பா, ஸ்கூல் வேன். ஆம்பிளைங்க கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம். வர முடியாத வாரம் பதிலுக்கு ஓர் ஆளை அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் ஆப்சென்ட். என் நாத்தனார் சிலமுறை போய் வந்தாள். என்னைவிட நன்றாகவே பேசினாளாம்!

இங்கிலீஷில் பேசணுமே என்று பயப்படுகிறவர்களுக்கு: எங்கள் குழுவில் பாதிப் பேர் கன்னடமும் இங்கிலீஷும் கலந்துதான் பேசுவார்கள். நானும் அப்படியே பேசினேன், யாரும் ஒன்றும் நினைக்கவில்லை.

விருந்தினராக வந்த ஒரு கம்பெனி அட்மின் மேடம் தீபாவளிக்குப் பெரிய ஆர்டர் பேசினார். அறையே கைதட்டியது. வெளியே வந்ததும் பேமென்ட் அறுபது நாள் கழித்து என்றார். எண்ணெய்க்காரரும் மாவு மில்லும் எனக்கு அறுபது நாள் தருவார்களா? பாதி அட்வான்ஸ் கொடுத்தால் செய்கிறேன் என்றேன். அவர் திரும்பக் கூப்பிடவில்லை, குழுவில் சிலருக்கு என்மேல் வருத்தம். இருக்கட்டும். அதே குழுவில் கல்யாண மண்டபத்துக்குப் பூ அலங்காரம் செய்கிற அண்ணா மூலம் சீர் பலகாரம், தாம்பூலப் பை ஆர்டர் ஒழுங்காக வருகிறது. லிங்கராஜபுரம் சார் சொன்ன கணக்குதான். மண்டபத்தை முடிவு செய்த உடனே வீட்டுக்காரர்கள் பேசுவது பூக்காரரிடம்.

சோலார் வாட்டர் ஹீட்டர், கே.ஆர்.புரம்

எல்லோருக்கும் நன்றி. உறுப்பினர் பட்டியலை வாங்கிப் பார்த்தேன். இன்சூரன்ஸ், மியூச்சுவல் ஃபண்ட், டிஜிட்டல் மார்க்கெட்டிங், பல் டாக்டர், யோகா, போட்டோகிராபர். ஓர் இன்டீரியர் டிசைனர் இருக்கிறார், ஆனால் அவர் ஆபீஸ் வேலை மட்டும் செய்பவர். பிளம்பர் ஒருவர்கூட இல்லை. ஏன் என்று கேட்டதற்கு "நல்ல ஆள் கிடைத்தால் நீங்களே கூட்டிட்டு வாங்க" என்றார்கள்.

கர்ட்டன், பிளைண்ட்ஸ், கொசுவலை, லிங்கராஜபுரம்

பிளம்பர் காலை ஏழு மணிக்கு யார் வீட்டு மொட்டை மாடியிலாவது பைப் மாட்டிக்கொண்டிருப்பார் சார், கோட்டு போட்டு காபி குடிக்க எங்கே வருவார்? உங்கள் ஏரியாவில் பைப், ஃபிட்டிங்ஸ் விற்கிற ஹார்டுவேர் கடை வாசலில் எட்டரை மணிக்கு நின்று பாருங்கள். சாமான் எடுக்க எல்லோரும் அங்கேதான் வருவார்கள். சந்தா கிடையாது, மணியும் அடிக்க மாட்டார்கள்.