மகப்பேறுக்குப் பின் எப்போது மேடை ஏறுவது?

கேள்வி:
பதினைந்து ஆண்டுகளாக வயலின் வாசிக்கிறேன். மாதச் சம்பளம் கிடையாது. மாலைக் கச்சேரிகளும் வாரத்தில் நான்கு நாள் வகுப்புகளும்தான் வருமானம். இப்போது ஏழாம் மாதம். கணவருக்கு அலுவலகத்தில் ஆறு வாரம் விடுப்பு உண்டு. எனக்கு விடுப்புத் தருவதற்கென்று யாருமில்லை. பிரசவத்துக்குப் பின் எத்தனை மாதம் கச்சேரிகளை மறுக்கலாம், மறுத்தால் பிறகு அழைப்பார்களா, வாத்தியத்தைத் தொடாமல் இருந்தால் கை பழையபடி வருமா என்ற யோசனையிலேயே இரவுகள் கழிகின்றன. அனுபவப்பட்டவர்கள் வழி சொல்லுங்கள்.

முதல் மறுமொழி:
நான் வாய்ப்பாட்டுக்காரி, எனக்கு அறுவை சிகிச்சையில்தான் குழந்தை பிறந்தது. ஆறாவது வாரப் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று மருத்துவர் சொன்னதை நான் கச்சேரிக்கும் சேர்த்துக் கிடைத்த அனுமதியாக எடுத்துக்கொண்டு, மூன்றாம் மாதமே இரண்டரை மணி நேரக் கச்சேரி ஒன்றை ஒப்புக்கொண்டேன். மேல் ஷட்ஜத்தில் நிற்கும்போது வயிற்றுத் தசையில் பிடிமானமே இல்லை. மூச்சு பாதியில் கரைந்து சுருதி இறங்கியது. தொண்டையில் எந்தக் குறையும் இருக்கவில்லை. கர்ப்ப காலத்தில் விலகும் நடுவயிற்றுத் தசைகள் கூடிவரப் பலருக்கு மாதக்கணக்கில் ஆகும் என்று இயன்முறை மருத்துவர் பிறகுதான் விளக்கினார். முதலில் அரைமணி நேர நிகழ்ச்சியில் தொடங்கியிருக்க வேண்டும்.

இரண்டாம் மறுமொழி:
வயலின் என்பதால் மணிக்கட்டைப் பற்றிச் சொல்கிறேன். கட்டைவிரலின் அடியில் தசைநார் உறை வீங்கி வலிக்கும் டி குவர்வைன் நோய் கைக்குழந்தையின் தாய்மார்களுக்கு அடிக்கடி வருகிறது. எனக்கு அது வில் பிடிக்கும் கையில் வந்தது. கட்டைவிரலை விரித்துக் குழந்தையின் அக்குளில் கொடுத்துத் தூக்காமல், ஒரு கையைப் பிட்டத்துக்கும் மற்றதைத் தலைக்கும் கீழே கொடுத்து அள்ளித் தூக்குங்கள். விரல் நுனியின் காய்ப்பு சில வாரங்களில் மெத்தென்று ஆகிவிடும், ஆனால் திரும்ப வந்துவிடும். உடம்பு ஒத்துழைக்கும் நாட்களில் பத்து நிமிடம் வாசித்தால் போதும்.

மூன்றாம் மறுமொழி:
நான் தாளவாத்தியக் கலைஞன், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2000ஆம் ஆண்டு உடன்படிக்கை குறைந்தது 14 வாரப் பேறுகால விடுப்பைச் சொல்கிறது. ஆனால் அது வேலைக்கு அமர்த்தப்பட்ட பெண்களுக்கானது, நம்மைப் போல் தனித்து உழைப்பவர்கள் அதில் வருவதில்லை. ஆகவே உங்கள் விடுப்பை நீங்களே அறிவிக்க வேண்டும். இப்போதே அமைப்பாளர்களுக்குத் திரும்பும் மாதத்தைக் குறிப்பிட்டு எழுதி, அதுவரை வாசிக்கத் தகுதியான ஒருவரையும் நீங்களே பரிந்துரையுங்கள். காரணமும் காலமும் தெரிந்தவர்கள் என்னை மறக்கவில்லை, வெறுமனே மறுத்த இடங்களிலிருந்துதான் அழைப்பு நின்றது. இன்னொன்று, கைக்குழந்தையின் அழுகை ஆறாவது வாரவாக்கில் உச்சத்துக்குப் போகும், அதுவும் பெரும்பாலும் கச்சேரி நேரமான மாலையில். முதல் குழந்தைக்கு என் விடுப்பு முழுவதையும் தொடக்கத்திலேயே தீர்த்துவிட்டேன். இரண்டாவதற்குப் பாதியை மனைவி வேலைக்குத் திரும்பும் வாரங்களுக்கென்று ஒதுக்கினேன், அதுதான் உண்மையில் உதவியது.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. ஆறு வாரத்தில் மூன்றைப் பிறகு எடுத்துக்கொள்ள முடியுமா என்று கணவர் நாளை அலுவலகத்தில் கேட்கிறார். ஐந்தாம் மாதத்தில் ஒரு சிறு நிகழ்ச்சி மட்டும் என்று அமைப்பாளர்களுக்கு எழுதப்போகிறேன்.