நரம்புத் தகடு உருவாவது குறித்து ஓர் ஐயம்

அனைவருக்கும் வணக்கம். கருவியல் பாடம் நடத்துவதற்காகப் படித்துக்கொண்டிருக்கையில், நரம்புத் தகடு (பின்னர் நரம்புக் குழலாக மடிந்து மூளையும் தண்டுவடமும் ஆகும் செல் அடுக்கு) எவ்வாறு உருவாகிறது என்பது குறித்து எழுந்த ஐயம் இது. 1924-இல் ஹான்ஸ் ஸ்பீமானும் ஹில்டே மாங்கோல்டும் வெளியிட்ட ஆய்வில், வெளிர்நிற நியூட் (வாலுள்ள நீர்நில வாழ்வி) கருவின் முதுகுப்புறத் திசுத்துண்டு ஒன்றை நிறமுள்ள வேறொரு நியூட் இனத்தின் கருவில் வயிற்றுப் பக்கமாகப் பதித்தபோது, அங்கே இரண்டாவது நரம்புக் குழல் தோன்றியது. அதில் பெரும்பாலானவை நிறமுள்ள செல்கள், அதாவது தோலாக வேண்டியவையே நரம்பாக மாறியிருந்தன என்பது எத்தனை தெளிவான சான்று!

பதித்த திசு சுரக்கும் நாகின், கார்டின் ஆகிய புரதங்கள், செல்களைத் தோலாகத் தூண்டும் பிஎம்பி என்னும் புரதத்தின் சமிக்ஞையைத் தடுப்பதே இந்த மாற்றத்துக்குக் காரணம் என்று தவளைக் கருவைக் கொண்டு விளக்குகிறார்கள். கோழிக் கருவிலோ அந்தத் தடுப்பு மட்டும் போதாமல், எஃப்ஜிஎஃப் என்னும் வளர்ச்சிக் காரணிப் புரதத்தின் சமிக்ஞையும் முன்னதாகவே தேவைப்படுகிறது. இவ்விரண்டையும் எவ்வாறு பொருத்திப் பார்ப்பது, மூன்றாம் வாரத்து மனிதக் கருவுக்கு எது நெருக்கமானது என்பதைத் துறை அறிந்தவர்கள் விளக்கினால் மாணவர்களிடம் பிழையின்றிச் சொல்ல இயலும்.