சீசன் பாதி பவர் ரேங்கிங்: ஆடி முடித்ததைப் பார்ப்பதா, இனி ஆடப்போவதைப் பார்ப்பதா?

நீலக்கோடு

2026 ஜனவரி பாதி வந்தாச்சு, ஃபேன்டஸி ஹாக்கி லீக்கோட (வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்எச்எல் வீரர்களை வெச்சு நாம கற்பனை அணி நடத்தி, அவங்க நிஜ ஆட்ட எண்ணிக்கையால மோதற லீக்) பவர் ரேங்கிங், அதாவது அணிகளைப் பலத்தின்படி வரிசைப்படுத்தற பட்டியல், போடணும். புதுசா சேர்ந்தவங்களுக்காக அமைப்பை ஒரு தடவை சொல்லிடறேன்: 12 அணி, வாராவாரம் நேருக்கு நேர் மோதல், 10 கேட்டகரி. ஸ்கேட்டர்களுக்கு (கோல்கீப்பர் தவிர மத்தவங்க) கோல், அசிஸ்ட் (கோலுக்கு உதவற பாஸ்), பவர் பிளே பாயிண்ட் (தண்டனையால எதிரணியில ஆள் குறைஞ்சிருக்கிறப்ப எடுக்கிற கோல், அசிஸ்ட்), ஷாட், ஹிட் (உடம்பால மோதறது), பிளாக் (எதிராளி ஷாட்டைக் குறுக்கே நின்னு தடுக்கறது). கோலிக்கு (கோல்கீப்பர்) வெற்றி, சேவ் (தடுத்த ஷாட்), சேவ் சதவீதம், ஜிஏஏ (60 நிமிஷத்துக்கு எத்தனை கோல் வாங்கினார்). வாரத்துக்குக் குறைஞ்சது 3 கோலி ஆட்டம். அது இல்லேன்னா கோலி கேட்டகரி நாலும் போச்சு.

வெற்றி தோல்வி டேபிளை அப்படியே எடுத்துப் போட்டா அது பவர் ரேங்கிங் ஆகாது. ஒரு வாரத்துல 12 பேர்ல ரெண்டாவது நல்ல எண்ணிக்கை எடுத்தவர், முதல் ஆளோட மோதியிருந்தா டேபிள்ல தோல்விதான். பதினொண்ணாவது ஆள் பன்னிரண்டாவது ஆளோட மோதியிருந்தா வெற்றி. எதிராளி யாருங்கிற அதிர்ஷ்டத்தை எடுத்துட்டுப் பார்க்க ஆல்-பிளே கணக்குதான் வழி. ஒவ்வொரு வார எண்ணிக்கையையும் மத்த 11 அணியோட ஒப்பிடணும். அதிக கேட்டகரி எடுத்தா 1, சமம்னா அரை. 14 வாரம் × 11 = 154 மோதல். மொத்தத்தை 154-ஆல வகுத்தா உண்மையான பலம் தெரியும்.

ஷீட் போடறப்ப தப்பு நடக்கிற இடம் ரெண்டு. ஜிஏஏ மட்டும் குறைவா இருந்தா நல்லது. அந்த நெடுவரிசைக்கு மைனஸ் குறி போடலேன்னா மோசமான கோலி வெச்சிருக்கிறவர் மேல ஏறிடுவார். ரெண்டாவது, 3 ஆட்டம் முடிக்காத அணிக்கும் சேவ் சதவீதம் ஷீட்ல வந்து நிக்கும். ஒரே ஆட்டத்துல .960 எடுத்து எல்லாரையும் ஜெயிச்ச மாதிரி காட்டும். அந்தக் கட்டங்களைக் கையாலதான் அழிக்கணும்.

ஸ்லாட்_ஷாட்

நீலக்கோடு, கணக்கு சரி. ஆனால் அது நடந்து முடிந்ததன் பதிவு. இன்றிலிருந்து மோதினால் யார் கை ஓங்கும் என்று சொல்வதுதான் பவர் ரேங்கிங். போன சீசன் (2024-25) முன்கள வீரர் ரான்டனென் விஷயத்தையே எடுங்கள். கொலராடோவில் 49 ஆட்டம், 64 பாயிண்ட் (கோலும் அசிஸ்ட்டும் சேர்த்து). ஜனவரி 24 அன்று கரோலினாவுக்கு ட்ரேட் (அணி மாற்றம்). அங்கே 13 ஆட்டத்தில் 6 பாயிண்ட்தான். மார்ச் 7 அன்று டல்லாஸ் போய் 20 ஆட்டத்தில் 18. ஜனவரி கடைசியில் ஆல்-பிளே போட்டிருந்தால் அவரை வைத்திருந்த அணி அந்த 64 பாயிண்ட்டின் பலத்தில் மேலேயே நின்றிருக்கும்.

அடுத்தது ஷூட்டிங் சதவீதம், அதாவது அடித்த ஷாட்டில் எத்தனை சதவீதம் கோலானது. 2023-24-இல் சாம் ரெய்ன்ஹார்ட் 233 ஷாட்டில் 57 கோல், கிட்டத்தட்ட 24.5 சதவீதம். அடுத்த சீசனில் 39. அதே 2023-24-இல் புராக் போசர் 40 கோல், அடுத்த சீசனில் 25. பாதி சீசனில் இப்படிக் கொதித்துக்கொண்டிருக்கும் ஆட்கள் மூன்று பேர் ஒரே அணியில் இருந்தால் அந்த அணியின் கோல் எண்ணிக்கை நிலைக்காது.

என் முறை இது: மீதி ஆட்டம் × ஒரு ஆட்டத்துக்கு ஷாட் × அந்த ஆளின் பல வருட ஷூட்டிங் சதவீதம். 35 ஆட்டம் பாக்கி, ஆட்டத்துக்கு 3 ஷாட் என்றால் 105 ஷாட். வழக்கமான 12 சதவீதத்தில் 12 அல்லது 13 கோல் வரும். இப்போது ஓடும் 20 சதவீதத்தையே நம்பினால் 21 வரும். ஒரே ஆளிடம் 8 கோல் வித்தியாசம். ஒவ்வொரு ஸ்கேட்டருக்கும் இப்படிப் போட்டு அணிவாரியாகக் கூட்டுங்கள், ரேங்கிங் தானாக வரும்.

நீலக்கோடு

ரான்டனென் உதாரணம் உங்க கட்சிக்குத்தான் எதிரா போகுது, ஸ்லாட். 49 ஆட்டத்துல 64 பாயிண்ட் எடுத்தவருக்கு உங்க ஃபார்முலா என்ன சொல்லியிருக்கும்? மீதிக்கும் அதே வேகம்தான். 13 ஆட்டத்துல 6-ன்னு எந்த ப்ரொஜெக்‌ஷனும் சொல்லியிருக்காது. ஆல்-பிளே தவறவிட்டதை நீங்களும் தவறவிட்டிருப்பீங்க, அதுவும் ஒரு ஷீட் அதிகமா போட்டு.

அந்தச் சரிவுல பார்க்க வேண்டியது வேற. கொலராடோல மக்கினன் பக்கத்துல ஆடினார், முதல் பவர் பிளே யூனிட்ல மகார் மேல இருந்து பக் (ஹாக்கி ரப்பர் வட்டு) கொடுத்தார். கரோலினா நாலு லைனுக்கும் (மாறி மாறி இறங்கற முன்கள வீரர் குழு) நிமிஷத்தைப் பிரிச்சுக் கொடுக்கிற அணி. ஆளோட சதவீதத்தை விட அவர் நிக்கிற இடம்தான் பேசுது. ரெய்ன்ஹார்ட்டோட 57-ல 27 பவர் பிளே கோல். கோலுக்கு நேர் முன்னாடி, நாலு எதிராளிக்கு நடுவுல நிக்கிற வேலை அவருக்கு. அங்கேர்ந்து அடிக்கிற ஷாட்டை, கோலுக்கு ரொம்ப தூரத்துல இருக்கிற நீலக்கோட்டுப் பக்கத்துலேர்ந்து அடிக்கிற ஷாட்டோட ஒரே தட்டுல வைக்க முடியாது. அடுத்த வருஷம் இறங்கினாலும் 39 கோல் எடுத்தாரே, அது சாதாரண எண்ணா?

கிரீஸ்_காவல்

ரெண்டு பேரும் ஸ்கேட்டரையே கதைச்சுக்கொண்டு இருக்கிறியள். 10 கேட்டகரியில 4 கோலிக்கு. ரெண்டே ரெண்டு கோலி இடம் 40 சதவீதத்தைத் தீர்மானிக்குது, அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

நீலக்கோடு அண்ணை, உங்கட ஆல்-பிளேயில பெரிய ஓட்டை இங்கதான். ஒரு அணி வாரத்துக்கு 3 கோலி ஆட்டம், ஆட்டத்துக்கு 28 ஷாட் எண்டு வையுங்கோ. மொத்தம் 84 ஷாட். 8 கோல் வாங்கினா .905, 7 கோல் வாங்கினா .917. ஒரே ஒரு கோல்! தன்ர ஆளின்ர ஸ்கேட்டில பட்டுத் திரும்பிப் போன பக் ஒண்டு, அந்த வாரம் சேவ் சதவீதத்தில நாலாம் இடத்தில நிண்டவரை எட்டாம் இடத்துக்குத் தள்ளும். ஜிஏஏயும் அதே கோலாலதான் கெடும், ஆக ஒரு கோல் ரெண்டு கேட்டகரியை அடிக்குது. இதை 14 வாரம் கூட்டிப் போட்டு பலம் எண்டு சொல்லேலாது.

வெற்றியும் சேவும் வேற மாதிரி. அது கோலியின்ர திறமையை விட அவர் எத்தினை ஆட்டம் ஆடுறார், முன்னுக்கு எந்த அணி நிக்குது எண்டதைக் காட்டும். போன சீசன் ஹெலபக் 63 ஆட்டம், 47 வெற்றி. ஷெஸ்டெர்கின் 61 ஆட்டம், 27 வெற்றி. ஏறக்குறைய ஒரே அளவு வேலை, 20 வெற்றி வித்தியாசம். ஹெலபக்கின்ர வின்னிபெக் லீக்கிலேயே முதலிடம், ஷெஸ்டெர்கின்ர ரேஞ்சர்ஸ் பிளேஆஃபுக்கே (சீசன் முடிவில கோப்பைக்கான சுற்று) போகேல்லை. அதால கோலியை எடை போடேக்க பேரைப் பார்க்காதேங்கோ. வாரத்துக்கு எத்தினை ஸ்டார்ட் (தொடக்கத்திலயே இறங்கிற ஆட்டம்), அணி எப்பிடி, அடுத்தடுத்த நாள் ஆட்டம் எத்தினை, இந்த மூண்டையும் பாருங்கோ. அடுத்தடுத்த நாள் ஆட்டம் வந்தா முதல் கோலி பெரும்பாலும் ஒண்டுதான் ஆடுவார்.

பாதிச் சீசனுக்குப் பிறகு கோலி நிலைமை தலைகீழாகிறதும் வழமைதான். 2019 ஜனவரி 7-இல முதல் ஸ்டார்ட் கிடைச்ச சென்ட் லூயிஸ் கோலி பின்னிங்டன் அந்தச் சீசனை 24-5-1 (வெற்றி, தோல்வி, கூடுதல் நேரத் தோல்வி) எண்டு முடிச்சார். ஜனவரி தொடக்கத்தில சென்ட் லூயிஸ் லீக்கில கடைசி இடம். எட்மன்டன் 2023 நவம்பரில 3-9-1, கோச்சை மாத்திச்சினம், பிறகு தொடர்ந்து 16 வெற்றி. நவம்பரில எட்மன்டன் கோலி ஸ்கின்னரை வேவரில (யாரும் எடுக்கக்கூடிய வீரர் பட்டியல்) விட்ட ஆளின்ர ரேங்கிங்கும் எடுத்த ஆளின்ர ரேங்கிங்கும் ஜனவரியில எங்க நிண்டிருக்கும்?

என்ர யோசனை: ஆல்-பிளேயில சேவ் சதவீதத்துக்கும் ஜிஏஏக்கும் அரை மதிப்பு. மற்ற எட்டுக்கும் முழு மதிப்பு.

ஸ்லாட்_ஷாட்

அரை மதிப்பை முழு மனதோடு ஏற்கிறேன். ஆனால் கிரீஸ் அண்ணா, வெற்றியை நம்பலாம் என்று சொல்லிவிட்டு பின்னிங்டனையும் எட்மன்டனையும் காட்டுகிறீர்கள். அது என் பக்கம் பேசும் சாட்சி. அணியின் நிலை மாறும் என்றால் 14 வார வெற்றி எண்ணிக்கையை எதற்கு முழு மதிப்பில் கூட்ட வேண்டும்? கடைசி 6 வாரத்துக்கு இரட்டை எடை கொடுங்கள். அக்டோபரில் ஒரு கோலி எடுத்த வெற்றியை வைத்து மார்ச்சில் யாரும் ஜெயிக்கப் போவதில்லை.

நீலக்கோடு

6 வார இரட்டை எடையை ஒத்துக்க மாட்டேன். கிரீஸ் இப்பதான் காட்டினார், வார எண்ணிக்கை எவ்வளவு ஆடும்னு. மாதிரியைச் சின்னதாக்கினா ஆட்டம் இன்னும் கூடும். அணி உண்மையிலேயே மாறியிருந்தா, அதாவது ட்ரேட், நீண்ட காயம், முதல் கோலி மாற்றம், அந்த மாற்றத் தேதியிலேர்ந்து அந்த அணிக்கு மட்டும் தனிக் கணக்கு போடலாம். காரணம் இல்லாம எல்லாருக்கும் கடைசி 6 வாரம்னு வெட்டறது, யார் சமீபத்துல சூடா இருக்காங்கன்னு பார்க்கறது மட்டும்தான்.

இன்னொண்ணு, ஹிட்டும் பிளாக்கும். இந்த ரெண்டும்தான் பத்துல ரொம்ப நிலையானது. போன சீசன் வான்கூவர்ல கீஃபர் ஷெர்வுட் 462 ஹிட் போட்டு சாதனை வெச்சார், ஆட்டத்துக்கு ஐந்தரைக்கு மேல. அதுக்கு முந்தின சாதனை லோசானோட 383. ஷெர்வுட் மாதிரி ஒருத்தரும் பிளாக் அடிக்கிற டிஃபென்ஸ் ஆள் ரெண்டு பேரும் இருந்தா வாராவாரம் ரெண்டு கேட்டகரி கிட்டத்தட்ட கையில. கோல் சதவீதம் சரியும், சேவ் சதவீதம் ஆடும், ஹிட் அப்படியே வரும். ஆல்-பிளேல இந்த மாதிரி அணி மேல நிக்கறப்ப அதை நம்பலாம். (ஹிட்டை அந்தந்த அரங்கத்து ஸ்கோரர்தான் எண்ணறார். ஒரு அரங்கத்துல தாராளம், இன்னொண்ணுல கறார். ட்ரேட்ல வர்ற ஆளோட ஹிட்டைப் பார்க்கறப்ப சொந்த மண், வெளி மண் ரெண்டையும் பிரிச்சுப் பாருங்க.)

சனிக்கிழமை_பெஞ்ச்

யாருமே கால அட்டவணையைத் தொடவில்லையே. என்எச்எல்-இல் செவ்வாய், வியாழன், சனிக்கிழமைதான் நெரிசல். திங்கள், புதன், வெள்ளி, ஞாயிறு பொதுவாக ஆட்டம் குறைவு. நம்மிடம் 10 ஸ்கேட்டர் இடம், 14 ஸ்கேட்டர் என்றால் சனிக்கிழமை அத்தனை பேருக்கும் ஆட்டம் இருந்தால் 4 பேர் பெஞ்சில் உட்கார்வார்கள். அவர்கள் போடும் கோல் கணக்கில் வராது. ஒரு அணியின் ஆட்டங்களில் பாதி நெரிசல் இல்லாத நாளில் விழுந்தால் அந்த வீரர் காகிதத்தில் தெரிவதை விட மதிப்பானவர்.

இந்த வருஷம் இது இன்னும் முக்கியம். பிப்ரவரி 6 முதல் 24 வரை ஒலிம்பிக் இடைவேளை. அதே 82 ஆட்டத்தைக் குறைந்த நாட்களில் அடைத்திருக்கிறார்கள். அடுத்தடுத்த நாள் ஆட்டம் கூடும், கிரீஸ் சொன்ன கோலிப் பிரச்சினை பெருகும். மிலானுக்குப் போகிறவர்கள் காயத்தோடு திரும்பலாம் என்பதும் உண்டு. போன பிப்ரவரியில் 4 நேஷன்ஸ் என்ற நாட்டணிகள் போட்டியில் அடிபட்ட மாத்யூ தகாச்சுக் வழக்கமான சீசனின் மீதி முழுவதும் ஆடவில்லை. ஒலிம்பிக் ஆட்கள் ஆறேழு பேரை வைத்திருக்கும் அணிக்கு ரேங்கிங்கில் ஒரு சின்னக் கழிவு கொடுக்க வேண்டும்.

ஆல்-பிளே ஆட்களுக்கு ஒரு எச்சரிக்கையும் உண்டு. இடைவேளையை ஒட்டிய நாட்களைச் சில லீக்குகள் ஒரே நீண்ட வாரமாகச் சேர்த்துவிடும். அதை மற்ற வாரத்தோடு சேர்த்துக் கூட்டினால் ஆட்ட எண்ணிக்கை பொருந்தாது.

ஸ்லாட்_ஷாட்

அட்டவணை முக்கியம்தான், பவர் ரேங்கிங்கில் அதற்கு இவ்வளவு இடம் கிடையாது. நம் லீக்கின் மூன்று வார பிளேஆஃபில் ஒரு வீரருக்கு 11 ஆட்டம், இன்னொருவருக்கு 9 என்றால் 22 சதவீத வித்தியாசம், பெரிதாகத் தெரியும். ஆனால் மக்கினனுக்கு 9 ஆட்டம் என்பதற்காக யாரும் அவரை உட்கார வைக்கப் போவதில்லை. வித்தியாசம் விழுவது ரோஸ்டரின் (அணியின் வீரர் பட்டியல்) கடைசி மூன்று நான்கு இடங்களில். அந்த இடங்களை வாரம் 4 வேவர் மாற்றம் வைத்து எந்த அணியும் சரிசெய்துகொள்ளலாம். எனவே அட்டவணை ஒரு இடம் ஏற்றலாம், ஒரு இடம் இறக்கலாம். அதற்கு மேல் வேண்டாம்.

சனிக்கிழமை_பெஞ்ச்

கோலிக்கு அந்த வாதம் பொருந்தாது. நல்ல கோலி வேவரில் கிடைக்கவே மாட்டார். பிளேஆஃப் வாரத்தில் ஒரு கோலிக்கு 2 ஆட்டம், அதில் ஒன்று அடுத்தடுத்த நாள் என்றால் குறைந்தபட்ச 3-ஐத் தொடவே திண்டாட வேண்டும். ஸ்கேட்டருக்கு ஒரு இடம், கோலிக்கு இரண்டு இடம் வரை. அதற்குக் கீழே இறங்க மாட்டேன்.

புது_மேனேஜர்

ஒரு சந்தேகம், அண்ணாக்களே. ரெண்டு பெரிய ஆட்கள் காயத்தில் இருக்கிற அணியை எப்படி மதிப்பிடுவது? இப்போதைய நிலையா, ஆட்கள் திரும்பிய பிறகா?

கிரீஸ்_காவல்

தம்பி, முதல்ல அவர் எந்தப் பட்டியலில எண்டு பாருங்கோ. சாதாரண ஐஆர் (காயப் பட்டியல்) எண்டா குறைஞ்சது 7 நாள். எல்டிஐஆர் (நீண்ட காலக் காயப் பட்டியல்) எண்டா குறைஞ்சது 10 ஆட்டமும் 24 நாளும் வெளியில. ஜனவரி பாதியில எல்டிஐஆருக்குப் போனவர் ஒலிம்பிக் இடைவேளைக்கு முந்தி வர்றது கஷ்டம். நாள் கணக்கில 24 முடிஞ்சாலும் இடைவேளையில ஆட்டம் இல்லையே, 10 ஆட்டம் நிரம்ப வேணும். திரும்பி வர்ற தேதி பிளேஆஃப் தொடங்கிறதுக்கு மூண்டு வாரம் முந்தி எண்டா முழு மதிப்பு குடுங்கோ. இல்லையெண்டா அந்த இடத்தில வேவர் ஆளின்ர மதிப்பைப் போடுங்கோ. வந்த உடனே முதல் பவர் பிளே யூனிட்டுக்குத் திரும்புவார் எண்டு எண்ணிக்கொண்டு கணக்குப் போடாதேங்கோ, ரெண்டாம் யூனிட்டில தொடங்கிறவை கன பேர். டெய்லி ஃபேஸ்ஆஃப் இணையதளத்தில லைன் பட்டியல் வரும், பயிற்சி நாளிலயே பார்க்கலாம்.

நீலக்கோடு

சரி, இந்த வாரம் இப்படிப் போடறேன். ஆல்-பிளே 14 வாரம், சேவ் சதவீதம், ஜிஏஏ ரெண்டுக்கும் அரை மதிப்பு. அந்த வரிசைதான் அடித்தளம். அதுக்கு மேல ரோஸ்டர் திருத்தம்: ட்ரேட், காயம், கோலி ஸ்டார்ட் மாற்றம். எந்த அணியும் இதனால 3 இடத்துக்கு மேல நகரக் கூடாது. ஸ்லாட், உங்க ஷாட் × சதவீத ஷீட்டைத் தனி நெடுவரிசையா பக்கத்துலயே போடறேன், வரிசையில கலக்க மாட்டேன். ஏப்ரல்ல ரெண்டையும் உண்மையான முடிவோட வெச்சுப் பார்க்கலாம்.

ஸ்லாட்_ஷாட்

3 இடம் என்ற வரம்பு என் பார்வையில் தவறு. முதல் கோலியை இழந்த அணி நான்கில் கிட்டத்தட்ட மூன்று கேட்டகரியை இழக்கிறது, 5 இடம் இறங்குவதுதான் நியாயம். தனி நெடுவரிசைக்குச் சம்மதம். ஷீட்டை நாளை இரவு அனுப்புகிறேன்.

நீலக்கோடு

ஞாயிறு ராத்திரி எண்ணிக்கையை எடுத்துடாதீங்க. மேற்குக் கடற்கரை ஆட்டம் முடிய நேரமாகும். அசிஸ்ட்டை மறுநாள் மாத்தி எழுதறதும் அடிக்கடி நடக்குது. செவ்வாய் காலையில எடுங்க, நானும் அப்பதான் எடுப்பேன்.